நேர்நிலைக்கு மட்டும் செல்லும்

எங்கள் கூட்ட அறையில் கடைசியாகப் பாட்டுச் சத்தம் கேட்டது எப்போது என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும், ஏனென்றால் கூட்டக் குறிப்பேட்டை எழுதுகிறவன் நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், எதிர்க் கட்டடத்தில் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினார்கள். தலைவர் எழுந்துபோய் எங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "கவனச் சிதறல் சரிசெய்யப்பட்டது" என்று பதிவாகியிருக்கிறது.

என் பெயர் எவர்ட் ஹில்மர்ஸ். தேவாலய இசைத் தேர்வு வாரியத்தில் பத்தொன்பது வருஷமாக எழுத்தர். அடுத்தவர் பேசியதை எழுதி எழுதி எனக்கென்று பேச எதுவும் மிஞ்சாமல் போய்விட்டது. அலுப்பு என்றால் சாதாரண அலுப்பில்லை, காலையில் கோட்டை மாட்டும்போதே கை கனக்கிற அலுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் நானும் ரொம்ப நல்லபிள்ளையாக நடந்துகொள்ளவில்லை.

வாரியத்துக்குள் ஒரு குழு உண்டு. அதன் பெயர் 'புரட்டல் குறியீட்டு ஒருமைப்பாட்டுக் குழு'. மாதத்தின் முதல் வியாழக்கிழமை கூடும். பதினோரு வருஷமாகக் கூடுகிறது.

விஷயம் சின்னதுதான். மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் அது ஒரு சுரக்கூட்டு. ஸி, ஈ, ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் பெயர் கொடுத்த ஸி அடியில் இருந்தால் நேர்நிலை. ஈ அடியில் வந்தால் முதல் புரட்டல். ஜி வந்தால் இரண்டாம் புரட்டல். ஆட்கள் அதே மூன்று பேர்தான். ஆனால் அடியில் இருப்பவர் மாறியதும் பாட்டின் நடையே மாறிவிடும். நேர்நிலை காலை ஊன்றி நிற்கும், புரட்டல் அடுத்த இடத்துக்குக் கிளம்பப் பார்க்கும். காது இருக்கிற யாருக்கும் இது தெரியும். இதைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்பதில்தான் தகராறு.

பேராசிரியர் ஃபோஸ்காம்ப் ஒரு ரோமன் எண்ணைப் போட்டு, பக்கத்தில் பொடியாக ஆறு என்றோ, ஆறுக்குக் கீழே நான்கு என்றோ எழுதுவார். பேராசிரியர் ஷ்டெல்பிரிங் அம்மையார் ஓர் எழுத்தைப் போட்டு, அதன் காலடியில் மூன்று அல்லது ஐந்து என்று எழுதுவார். இருவரையும்விட இளையவரான கோல்பே, கூட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுத்து அடியில் இருக்கும் சுரத்தின் பெயரை எழுதிவிடுவார். மூவரும் சொல்வது ஒரே கூட்டைத்தான். மூவரும் ஒரே லிஃப்டில் ஏறமாட்டார்கள்.

முதல் நாலு வருஷத்தில் குழு ஒரு சாதனை செய்தது. நேர்நிலைக்கு மட்டும் மூவரில் எவருடைய முறையில் பெயர் எழுதினாலும் செல்லும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். நேர்நிலைக்குப் பொடி எண்ணும் கிடையாது, சாய்கோடும் கிடையாது, அதனால் சண்டை போட எதுவும் அகப்படவில்லை. அன்றைக்குக் கேக் வெட்டினோம். அதற்குப் பிந்தைய ஏழு வருஷமும் முதல் புரட்டலில் போயிற்று. இரண்டாம் புரட்டலை இன்னும் பையிலிருந்தே எடுக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒக்கா ரேவர்ட்ஸ் வந்து சேர்ந்தார். ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணி. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலைச் சேகரிக்கிற டேங்கர் லாரி ஓட்டுகிறவர். ரீப்ஸும் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் காகிதம் கேட்டதில்லை. போன வருஷம் தலைமை அலுவலகம் ஒரு விதி போட்டது. அடுத்த வருஷ அட்வென்ட் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம், தொடங்கியதும் வாரியத்தின் சான்றிதழ் வைத்திருப்பவர் கையில்தான் ஆர்கன் சாவி இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத ஊருக்கு ஒரு பாட்டுப் பெட்டி அனுப்பப்படும். பாட்டு எண்ணை அழுத்தினால் அதுவே வாசிக்கும். அந்தப் பெட்டி புரட்டல்களைத் தாராளமாக வாசிக்கும், எழுதிக் காட்டு என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை.

தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தவறினால் ஆயுசுக்கும் கதவு சாத்தப்பட்டுவிடும்.

முதல் முறை அவர் வாசித்ததைக் கேட்ட செய்முறைத் தேர்வாளர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டார். எழுத்துத் தேர்வுக்குப் பட்டியலில் இருந்த பாடநூலை வாங்கி, லாரியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பண்ணையிலும் பால் ஏறுகிற நேரத்தில் படித்திருக்கிறார். நூல் ஃபோஸ்காம்ப் எழுதியது. அந்த வருஷம் விடைத்தாளைத் திருத்தும் முறை ஷ்டெல்பிரிங் அம்மையாருடையது. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் அவர் எழுதினார்: "எண்கள் அழகாக உள்ளன. எதைக் குறிக்கின்றன என்பது தெளிவாக இல்லை." தோல்வி.

முடிவைத் தெரிந்துகொள்ள என் மேஜைக்கு வந்து நின்றார் ஒக்கா. கம்பெனி ஜாக்கெட், கையில் தொப்பி. எங்கள் பக்கத்தில் வணக்கத்துக்கு 'மொய்ன்' என்போம்.

"மொய்ன், கிளார்க் சார். நான் எழுதினது தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாதும்மா."

"அப்ப சரியா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

"எங்க பாலுக்கு இப்படி ஒரு ஆய்வுக்கூடம் இருந்தா, மாடெல்லாம் செத்தே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் முறைக்குள் அவர் மூவரின் முறையையும் கற்றுக்கொண்டுவிட்டார். எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் பேராசிரியர்கள் மூவரில் ஒருவருக்கும் மற்ற இரண்டும் தெரியாது. ஒவ்வொரு கூட்டுக்கும் கீழே மூன்று வரிசை எழுதினார். எண், அதன் கீழே எழுத்து, அதன் கீழே சாய்கோடு. நுணுக்கமான கையெழுத்து. ஒரு பிழை இல்லை. விடைத்தாள் மூன்று மேஜைக்கும் போயிற்று. ஃபோஸ்காம்ப் முதல் வரிசையைச் சரி என்றும் மற்ற இரண்டும் தவறு என்றும் குறித்தார். ஷ்டெல்பிரிங் நடு வரிசையைத் தவிர மற்றதை அடித்தார். கோல்பே கடைசி வரிசையை வைத்துக்கொண்டார். ஆக மூவருமே தனித்தனியாக, ஒருவரையொருவர் கலக்காமல், நூற்றுக்கு முப்பத்துமூன்று போட்டிருந்தார்கள். "பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக மூன்று மதிப்பெண்களும் ஒத்துப்போயின" என்று தலைவர் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார். நான் எழுதிக்கொண்டேன்.

ஒக்கா மேல்முறையீடு செய்தார். செப்டம்பர் முதல் வியாழக்கிழமை குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். தலைவர் முனைவர் காசென்ஸ், மேல்நிலைத் தேவாலய இசை ஆலோசகர், மரியாதை தெரிந்த மனிதர். யாரையும் புண்படுத்தாமல் ஒரு காரியத்தையும் நடக்கவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர். தேநீர் வந்தது. மூன்று கோப்பை முடியும்வரை சண்டை பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெற்கே இருந்து வந்த ஷ்டெல்பிரிங் அம்மையாருக்குப் போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும் என்பது பதினோரு வருஷமாகியும் பழகவில்லை. அவருக்கு ஐந்தாவது கோப்பை ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது காசென்ஸ் ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்க பிரமாதமா வாசிக்கிறீங்க. அதுல இங்க ஒருத்தருக்கும் சந்தேகமில்ல. அதுதான் எங்களுக்குச் சிக்கலே. மோசமா வாசிச்சிருந்தீங்கன்னா எங்க வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்."

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்க வந்தேன்" என்றார் ஒக்கா. "எதை எழுதினா பாஸ் போடுவீங்க? அத மட்டும் சொல்லிடுங்க. எழுதிட்டுப் போறேன்."

"அதைத்தானேம்மா நாங்க பதினோரு வருஷமாப் பேசிட்டிருக்கோம்!"

ஷ்டெல்பிரிங் அம்மையார் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இவங்க என்ன நெனக்கிறாங்கன்னா, வாசிச்சாப் போதும்னு. சத்தம் காத்தோட போயிடும்மா. எழுத்துதான் ஃபைல்ல இருக்கும். நாளைக்கு இந்த உலகத்துல ஆர்கனே இல்லாமப் போனாலும், இந்த ஃபைலத் திறந்து பார்த்தா, அந்தக் கூட்டோட கடமை என்னன்னு தெரியணும். என் முறையில தெரியும்."

"யாரு பார்ப்பாங்க?" என்றார் ஒக்கா.

"அது எங்க துறை இல்ல."

கோல்பே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் உங்க பக்கம்தான். என்னோட முறை யாருக்கு வேணாலும் பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும். அதனாலதான் இவங்க ரெண்டு பேரும் அதை நம்ப மாட்டேங்கிறாங்க. நானும் அதைக் கொஞ்சம் கஷ்டப்படுத்தலாமான்னு பார்த்திட்டிருக்கேன். ஒரு முந்நூறு பக்கம் தயாரா இருக்கு."

ஃபோஸ்காம்ப் வயதானவர். அவர் பேசும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். "நாப்பத்தோரு வருஷமா நான் ஆறுன்னு எழுதியிருக்கேன். இன்னிக்கு மூணுன்னு எழுதினாலும் தப்பில்லன்னு ஒத்துக்கிட்டா, அப்ப நாப்பத்தோரு வருஷம் நான் என்னதான் செஞ்சிட்டிருந்தேன்? நீங்களே சொல்லுங்க."

ஒக்கா அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஐயா, எனக்கு இது லாரி மாதிரித்தான் படுது. முன் சீட்டுல மூணு பேரு உக்காந்திருக்கோம். எப்பவும் அதே மூணு பேரு. யாரு ஸ்டியரிங் பிடிக்கிறாங்கங்கறதுதான் வித்தியாசம். ஆள் மாறினா வண்டி போற தினுசு மாறும். இதுக்கு மேல இதுல என்ன இருக்கு?"

ஃபோஸ்காம்ப் பேனாவை மூடி வைத்தார். ஒரு நொடி, விஷயம் தீர்ந்தேவிட்டது என்று நினைத்தேன்.

"ஸ்டியரிங்க எந்த எழுத்தால குறிப்பீங்க?" என்றார் கோல்பே.

"பொறுங்க, பொறுங்க" என்று காசென்ஸ் பதறினார். "இது நாலாவது முறை இல்லையா? ஹில்மர்ஸ், எழுதிக்குங்க. நான்காவது முறை ஒன்று முன்மொழியப்பட்டது. நேரமின்மையால் நிராகரிக்கப்பட்டது."

"நான் வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று ஒக்கா மூலையில் இருந்த பியானோவைப் பார்த்தார். அதன் மேல் ஃபைல்கள் கழுத்து உயரத்துக்கு அடுக்கியிருந்தன. "ரெண்டையும் வாசிக்கிறேன். கேட்டாலே தெரியும்."

"வேண்டாம்மா" என்றார் காசென்ஸ், உண்மையான கனிவோடு. "கேட்டுட்டோம்னா எங்களால நடுநிலையா இருக்க முடியாமப் போயிடும்."

கடைசியில் ஒரு சலுகை தந்தார்கள். மூன்றாவது விடைத்தாளை மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து திருத்துவார்கள். மூவருக்கும் ஒருமித்த சம்மதம் இருந்தால் தேர்ச்சி. ஒருவர் மறுத்தாலும் தோல்வி. இதைக் கருணை என்று நம்பித்தான் செய்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒக்கா என் அறைக்குள் வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேணும், கிளார்க் சார்" என்றார். "வாரம் பூரா எஞ்சின் சத்தம், பம்ப் சத்தம். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நான் போடற சத்தம். அதையும் பிடுங்கிட்டு ஒரு பெட்டிய வைக்கப் போறாங்க. பாடறவங்களுக்கு வித்தியாசம் தெரியப் போறதில்லதான். கீழ உக்காந்து எவனும் கேக்கறதில்ல. எனக்குத் தெரியுமே."

குறிப்பேட்டை மூடித் திறந்தேன்.

"மூணு பேரும் சண்டை போடாம ஒத்துக்கற கூட்டுன்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கக் கூடாது. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் யாரும் என்னிடம் ஒரு யோசனை கேட்டதில்லை, அந்தக் குஷியில் சொல்லிவிட்டேன். "நேர்நிலை. அதுக்கு எண்ணும் இல்ல, கோடும் இல்ல. தீர்மானம் நாப்பத்தொண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. சந்தோஷம் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் மூன்றாவது தேர்வு நடந்தது. ஒரு பழைய அட்வென்ட் பாட்டின் மெட்டைக் கொடுத்து, அதற்குக் கீழே கூட்டுகளை அமைத்து, பெயர் எழுதி, அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். நாற்பத்தாறு கூட்டுகள். ஒக்கா நாற்பத்தாறையும் நேர்நிலையில் எழுதினார். ஒரு பொடி எண் இல்லை, ஒரு சாய்கோடு இல்லை.

பிறகு தேர்வு நடக்கும் சிற்றாலயத்தின் ஆர்கனில் உட்கார்ந்து வாசித்தார். எனக்கு இசைஞானம் கிடையாது. ஆனாலும் எனக்கே வித்தியாசம் கேட்டது. காலால் மிதிகட்டைகளில் வாசிக்கிற, படிப்படியாக இறங்கி வரவேண்டிய அடிக்குரல் ஒவ்வொரு கூட்டுக்கும் குழியில் விழுந்து எழுந்தது. பாட்டு ஓரடி வைக்கும், நிற்கும். இன்னோர் அடி வைக்கும், நிற்கும். மூட்டு பிடித்துக்கொண்ட மனிதர் மாடி ஏறுவதுபோல் இருந்தது. ஒக்கா முகத்தைத் திருப்பவே இல்லை. முடித்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர்கள் மூவரும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகங்கள் மலர்ந்துகொண்டே வந்தன.

"எதிர்க்க ஒண்ணுமே இல்லையே" என்றார் ஃபோஸ்காம்ப்.

"எனக்கும் இல்ல" என்றார் ஷ்டெல்பிரிங் அம்மையார், தன்னாலேயே நம்ப முடியாமல்.

"சுத்தமா இருக்கு" என்றார் கோல்பே.

நூற்றுக்கு நூறு. வாரிய வரலாற்றில் அதுவே முதல் முறை. மறுபடி கேக் வெட்டினோம். அன்று மூவரும் ஒரே லிஃப்டில் கீழே இறங்கினார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரமே காசென்ஸ் ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். புரட்டல்களைக் குறிப்பதில் பதினோரு ஆண்டுகளாக நிலவிய சிக்கல், புரட்டல்களைத் தவிர்ப்பதன் மூலம் முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டதாகவும், இனிவரும் தேர்வர்கள் இம்முன்மாதிரியைப் பின்பற்றலாம் என்றும் அதில் இருந்தது.

சான்றிதழை அச்சிடும்போது அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. அவர் நேர்மையான மனிதர், அதில்தான் எல்லாக் கேடும். "ஹில்மர்ஸ், இந்த அம்மா ஒரு புரட்டல்கூட வாசிச்சுக் காட்டலையே? காட்டாத தகுதிக்கு நாம எப்படிச் சான்று கொடுக்கறது?" அதனால் முத்திரைக்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது. 'நேர்நிலைக்கு மட்டும் செல்லும்.' மூன்று மாதத்துக்குள் ஓர் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், மீறல் இருந்தால் சான்றிதழ் ரத்து. ஆய்வாளருக்குப் பயணப்படி ஒதுக்கீடு இல்லை என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

அட்வென்டின் இரண்டாவது ஞாயிறு ரீப்ஸுமுக்குப் போனேன். பக்கவாட்டு மழை. பாதிரியார் தம்மேனா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், ஆர்கன் மாடத்துக்கு ஏறும் படிக்கட்டின் பக்கத்தில், எல்லோரும் படிக்கிற உயரத்தில்.

"ஊர்ச்சபையில படிச்சுக் காட்டினோம், சார். சட்டம்னா சட்டம். போன வாரம் அவங்க ஒரு எடத்துலகூட மீறல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா பாட்டுத்தான் ஓடமாட்டேங்குது. மூணாவது வரியில எல்லாரும் நின்னுடறாங்க. எனக்கே பிரசங்கம் மறந்து போச்சு."

நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். மாடத்தில் ஒக்காவின் முதுகு தெரிந்தது. முதல் பாட்டு தொடங்கியது. நேர்நிலை. நேர்நிலை. நேர்நிலை. நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மக்கள் பாடப் பார்த்தார்கள். குரல்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டன, ஒவ்வொருவராகப் புத்தகத்துக்குள் குனிந்தார்கள். இரண்டாவது பாட்டில் பாதிப்பேர் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ ஒருவரின் காலை ஒடித்துவிட்டு அவர் ஒழுங்காக நொண்டுகிறாரா என்று குறித்துக்கொள்ள வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பாட்டுக்குப் பாதிரியார் எண்ணைச் சொன்னார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மாடத்தைப் பார்த்துக் கத்தியது.

"ஒக்கா! காலத் தூக்கு!"

தேவாலயமே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் தன்னார்வத் தீயணைப்புப் படையின் ஆண்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கத்தியவர் அவர்களுடைய தலைவர், ஃபோக்கோ மைன்டர்ஸ், எருதுக் கழுத்துக்காரர்.

"என்னது?" என்றார் ஒக்கா மேலேயிருந்து.

"கட்டைய மிதிக்காதன்னு சொல்றேன். கைய மேல கொண்டு போ. அடிய நாங்க பாத்துக்கறோம்."

பாதிரியார் திடீரென்று தன் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

ஒக்கா கடைசி வரிசையை எட்டிப் பார்த்தார். பிறகு மிதிகட்டைகளிலிருந்து இரண்டு காலையும் எடுத்து இருக்கையின் விளிம்பில் வைத்துக்கொண்டார். கைகள் மேல் சுரங்கள் இருக்கும் வலது பக்கம் நகர்ந்தன. ஆர்கன் மேலே, மெல்லிய குரலில் தொடங்கியது. நேர்நிலைதான். சந்தேகத்துக்கு இடமே இல்லாத நேர்நிலை. அதற்கும் கீழே, வெகு கீழே, ஒன்பது ஆண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் பாடியது மெட்டை இல்லை. ஒக்காவின் கால்கள் இருபத்தெட்டு வருஷமாக மிதித்துவந்த அடிக்குரலை. ஒரு சுரம் பிசகாமல், எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கி, எங்கே காத்திருக்க வேண்டுமோ அங்கே காத்திருந்து. ஆர்கனில் ஸி அடியில் இருந்தது, அதற்கும் அடியில் ஃபோக்கோ மைன்டர்ஸின் தொண்டை ஈ சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டு நகர்ந்தது. நின்ற இடத்திலிருந்து அப்படியே கிளம்பிவிட்டது. முன்வரிசைப் பெண்கள் தலையை நிமிர்த்தி மெட்டை எடுத்தார்கள். இரண்டாவது சரணத்தில் நாற்பது பேரும் பாடினார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'ஆர்கன் கலைஞர் புரட்டல் வாசித்தாரா? ஆம் / இல்லை.' இல்லை என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். பொய்யில்லை. ஊர்க்காரர்கள் எதைப் பாடலாம் என்பதற்கு எங்களிடம் விதி இல்லை. அதற்கு ஒரு குழு அமைக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது சரணத்தில் என் வாயும் திறந்திருந்தது. என்ன பாடினேன் என்று தெரியாது. தீயணைப்புக்காரர்களோடு எங்கேயோ கீழே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வழிபாடு முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகு ஒக்கா படியிறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன எழுதியிருக்கீங்க, கிளார்க் சார்?"

"ஆர்கன்ல புரட்டல் இல்லன்னு."

"அவனுங்களப் பத்தி?"

"அவங்க யாரும் தேர்வு எழுத வரலையே."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசலில் மழையில் நின்று ஒன்பது பேரும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே ஜாக்கெட் கையால் மூக்கைத் துடைத்தார்.

"கீழ உக்காந்து எவனும் கேக்கறதில்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "இருபத்தெட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கானுங்க."

படிவத்தின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று நாலு விரற்கடை இடம் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே அதில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.